குழு பஞ்சாயத்துப் பேசும் இடமாகக் கூடாது: சித்தூர் எல்லைப்புற மகளிர் குழுக்களுக்கு ஒரு பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது சித்தூர். அங்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து அயல்கூட்டங்களின் (கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புக் குழுக்கள்) பெண்கள் கேட்கும் கேள்வி இது: "சேமிப்பும், குழுவுக்கு வங்கி தரும் லிங்கேஜ் லோனும் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் உறுப்பினர்களில் சிலர் வீட்டில் அடி வாங்குகிறார்கள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று வாய்திறந்து சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். கடன் இவர்கள் பெயரில், பணம் வேறு கையில். குழுவாக நாங்கள் என்ன செய்யலாம்?"

நிறையவே செய்யலாம். ஆனால் எதையும் தொடங்கும் முன் ஒன்றைக் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்துக் குழு பஞ்சாயத்துப் பேசாது. நல்ல மனதோடு தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அடித்தவன் முன்னால் அடிபட்டதைச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி அவனோடு அதே வீட்டுக்குத்தான் அந்தப் பெண் போக வேண்டும். பத்துப் பேர் நடுவில் தலைகுனிந்த கோபத்தை அவன் அவள்மேல்தான் காட்டுவான். போதாக்குறைக்கு, சமரசம் என்ற பெயரில் "நீயும் கொஞ்சம் வாயை அடக்கு" என்று அவளிடமும் ஒரு வாக்குறுதி வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அடி விழுந்தால் குற்றம் பாதி அவளுடையதாகிவிடும். குழுவின் வேலை வேறு: அவள் சொல்வதைக் கேட்பது, காகிதங்களைக் காப்பது, கூடப் போவது, அவள் பணம் அவள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. போவதா இருப்பதா என்ற முடிவு அவளுடையது.

பணம் வந்தால் அடி தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் சிறுகடன் குழுக்களோடு பத்துப் பாடங்களும் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். உடல், உறவு, வன்முறை, நோய் பற்றிய பாடங்கள். 2006-ல் வெளியான ஆய்வின்படி, பங்கேற்ற பெண்கள்மேல் ஓராண்டில் நடந்த துணைவர் வன்முறை 55 சதவீதம் குறைந்திருந்தது. கடன் மட்டும் தந்த ஊர்களில் பெண்களின் பொருளாதார நிலை ஏறியது. வன்முறையில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே சேமிப்பையும் பேச்சையும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிக்காதீர்கள். வாரக் கூட்டத்திலேயே, வரவு செலவு முடிந்ததும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடியைப் பற்றி முதல் நாளே தொடங்க வேண்டாம். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், கூலிப் பணம் எந்தக் கைகள் வழியாகப் போகிறது என்று தொடங்கினால், நாலாவது ஐந்தாவது கூட்டத்தில் பேச்சு தானாகவே அங்கே வந்து சேரும்.

இடம் ஒரு சிக்கல். அயல்கூட்டம் உறுப்பினர் வீடுகளில் மாறி மாறி, பெரும்பாலும் ஞாயிறு மத்தியானம் கூடுகிறது. அதே நேரத்தில்தான் ஆம்பிளைகளும் வீட்டில் இருப்பார்கள். இந்த அரை மணி நேரத்தை அங்கன்வாடிக்கோ வாசகசாலைக்கோ மாற்றுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் "சமூகப் பாடம் நடந்தது" என்ற ஒரு வரி போதும். அந்தப் புத்தகத்தை வார்டு அளவிலான குடும்பஸ்ரீ அமைப்பான ஏ.டி.எஸ் பார்க்கும், ஆடிட்டர் பார்ப்பார், வங்கியும் கேட்கும். யார் என்ன சொன்னார் என்று அதில் எழுதினால் ஊருக்கே எழுதியது போலத்தான்.

இன்னொரு சிக்கல் அயல்கூட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர் என்பதால் பல வீடுகளில் மாமியார்தான் உறுப்பினர். மருமகளுக்கு இடமே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2021-ல் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்கு ஆக்ஸிலரி குழுக்களைத் தொடங்கினார்கள். அடிபடும் வயதுப் பெண்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்க்காமல் இந்த வேலை நடக்காது. பக்கத்து வீடுகள் சேர்ந்ததே அயல்கூட்டம் என்பதால் நாத்தனாரும் ஓரகத்தியும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எனவே ரகசியம் கேட்கும் பொறுப்பைத் தலைவிக்கும் செயலாளருக்கும் கொடுக்காதீர்கள். வார்டு அளவில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுப் பெண்ணின் பேச்சை இன்னொரு குழுவின் ஆள் கேட்கும்படி அமையுங்கள். இவர்களைக் 'கேட்பவர்' என்று வைத்துக்கொள்வோம். சொன்னதை வெளியில் விடாதவர், அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாதவர் என்ற இரண்டு தகுதி போதும். படிப்பு இரண்டாம்பட்சம்.

கேட்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆபத்தின் அளவு. கழுத்தை நெரித்தானா? கொன்றுவிடுவேன் என்றானா? அரிவாளையோ மண்ணெண்ணெயையோ எடுத்தானா? கடந்த சில மாதங்களில் அடி கூடியிருக்கிறதா? கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கிறானா? விட்டுப் போவதாக இவள் சொல்லியிருக்கிறாளா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கழுத்தை நெரித்தது தனிக் கவனத்துக்கு உரியது. வெளியில் தழும்பு தெரியாமலேயே உள்ளே காயம் இருக்கும். குரல் கம்மல், விழுங்க வலி, கண்ணில் ரத்தப் புள்ளி எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று அவள் சொன்னால் அதையும் அதே அவசரத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவளைத் தனியாக விடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலான வழக்குகள் ஒரே வாக்கியத்தில் கெட்டுப்போகின்றன: "வழுக்கி விழுந்துட்டேன்." அது ஓ.பி. சீட்டில் ஏறிவிட்டால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்தச் சீட்டைத்தான். கூடப் போகிறவர் வழியிலேயே சொல்லிவிடுங்கள்: யார் அடித்தது, எதனால் அடித்தது, எந்த இடத்தில் என்று டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். போலீஸ் புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். சீட்டில் உண்மை இருக்கட்டும். காயத்தைப் படம் எடுத்துக் கேட்பவரின் போனுக்கு அனுப்பிவிட்டு, இவள் போனில் அழித்துவிடலாம். வாட்ஸ்அப் இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டு அவசரமாக வெளியேற நேரும் என்று தோன்றினால் ஒரு பையைத் தயார் செய்து வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நகை அடகுச் சீட்டு, தினசரி மாத்திரை, ஆயிரம் ரூபாய் சில்லறையாக. அடுத்த வீட்டில் வைக்காதீர்கள், அவன் முதலில் தேடும் இடம் அது. இரண்டு தெரு தள்ளிக் கேட்பவரிடம் இருக்கட்டும். அவன் கண்ணில் படாமல் அசலை எடுக்க முடியாவிட்டால் நகல் போதும்.

சட்டத்தில் முக்கியமானது 2005-ன் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமே வன்முறை என்று அது சொல்லவில்லை. பாலியல் பலவந்தம், வசை, சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குத் தராமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். எல்லைப்புறத்துக்கு அதன் 27-ஆம் பிரிவு பெரிய வரம். ஆனைமலையில் பிறந்து கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்ட பெண் அடிபட்டு அம்மா வீட்டுக்கு ஓடி வந்துவிட்டால், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த இடத்து மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். வேலை செய்யும் இடத்திலும் கொடுக்கலாம். அங்கே பெறும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும், வாளையாறு தாண்டினால் செத்துப்போகாது. போலீசுக்கும் இதே கதைதான். "இது கேரளா கேஸ்", "இது பொள்ளாச்சி லிமிட்" என்று திருப்பி அனுப்பினால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவு சொல்கிறது, அதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், என்று பெயரோடு சொல்லிக் கேளுங்கள். கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ன் 85, 86 பிரிவுகள்.

மனுவைத் தயாரிக்கப் பாதுகாப்பு அதிகாரி உதவுவார். கேரளத்தில் அவர் மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கீழும், தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் கீழும் வருவார். அவர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை மலையாளத்தில் இருந்தால், வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. சித்தூர் மொழிச் சிறுபான்மைப் பகுதி. அரசு அலுவலகத்தில் தமிழில் மனு கொடுக்க உரிமை உண்டு. தேதிகள் தப்பாகப் பதிவானால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

ஒரே மனுவில் பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, செலவுப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, இழப்பீடு எல்லாவற்றையும் கேட்கலாம். "வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை கிடையாது" என்று மிரட்டுவார்கள். குடும்பமாக வாழ்ந்த வீடு கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் 23-ஆம் பிரிவின் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வேண்டும். அதற்குத் தனிப் பிரமாணப் பத்திரம், படிவம் 3, தேவை. வக்கீல் அதை வைக்க மறந்தால் வெறும் வாய்தாவோடு திரும்ப வேண்டியதுதான். வக்கீலுக்குப் பணம் வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ராத்திரியில் போலீஸ் உதவிக்கு 112, அல்லது பெண்கள் உதவி எண் 181. எல்லையில் டவர் மாறிப் பிடிக்கும் என்பதால், எடுத்தவுடன் எந்த மாநிலத்து மையம் என்று கேட்டுவிட்டு, ஊர், பஞ்சாயத்து, மாவட்டம் மூன்றையும் சொல்லுங்கள். தங்க இடம் வேண்டுமானால் குடும்பஸ்ரீயின் உதவி மையமான ஸ்நேகிதா இருக்கிறது, இரு மாநிலங்களிலும் பெண்களுக்கான அரசின் சகி மையங்களும் உண்டு. சகியில் சாதாரணமாக ஐந்து நாள் வரைதான். ஆறாவது நாள் எங்கே என்பதை முதல் நாளே பேசத் தொடங்குங்கள்.

இனி, பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது. குழுக்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் பகுதி இது. ஆனால் பெண்ணைக் கட்டிப்போட இதைவிட உறுதியான கயிறு இல்லை. மாத்திரையை எடுத்து வீசுவது, காப்பர்-டியை எடுக்கச் சொல்லி நச்சரிப்பது, ஆண்பிள்ளை வரும்வரை நிறுத்த விடாதது, வேண்டாத நேரத்தில் கலைக்கச் சொல்லி அடிப்பது எல்லாம் வன்முறைதான். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்வது பி.என்.எஸ். 89-ஆம் பிரிவில் கடும் குற்றம்.

வீட்டுக்குத் தெரியாமல் கர்ப்பத்தைத் தடுக்க விரும்பும் பெண்ணுக்கு எந்த முறை பொருந்தும் என்பது அவள் வீட்டைப் பொறுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, அட்டையை மட்டும் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் விட்டுவிடலாம். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்போ நாலு வாரம் பின்போ கூடப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாதவிடாய் தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். விலக்கான நாளில் தனியே உட்காரவைக்கும் வீடுகளில் மாமியார் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த வீட்டுக்குக் காப்பர்-டி மேல்: 380-ஏ வகை பத்து ஆண்டு, 375 வகை ஐந்து ஆண்டு, மாத சுழற்சி மாறாது, முதல் சில மாதம் ரத்தப்போக்கு மட்டும் கூடும். நூலைக் கணவன் உணரக்கூடும் என்றால் குட்டையாக வெட்டச் சொல்லலாம். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒன்று. தினமும் வேண்டாம் என்பதால் மாத்திரை அட்டையைத் தோழி வீட்டில் வைத்துக்கூடப் போட்டுக்கொள்ளலாம். அந்தரா நிறுத்தியபின் மறுபடி கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "ஊசி மலடாக்கிவிட்டது" என்ற வதந்தி அடுத்த தெருப் பெண்ணைத் தடுக்கும். பலவந்தம் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆஷாவிடமோ சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வாழ்க்கைத்துணையின் சம்மதம் தேவை என்று எந்த விதியும் இல்லை. ஆண்களுக்கான கத்தியில்லாக் கருத்தடை இதைவிடச் சிறிய சிகிச்சை என்பதையும், பலன் வர மூன்று மாதம் ஆகும் என்பதையும் கூட்டத்தில் பேசுங்கள். இந்தச் சுமை முழுக்கப் பெண் உடம்பின்மேல் விழுந்திருக்கிறது.

கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். அந்தத் தாளின் பெயர் படிவம் சி. கணவன் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் அது சட்டம் இல்லை, பழக்கம். 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர், கர்ப்பகாலத்தில் விதவையானவர், மணவிலக்கு ஆனவர் உள்ளிட்ட சிலருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். இந்த 24 வாரம் மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்த பலாத்காரமும் பலாத்காரமே என்றும் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் வாரத்தை எண்ணுவார்கள். பெண்கள் தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணி நாலு வாரம் தவற விடுகிறார்கள். மாத்திரை முறை ஒன்பது வாரம் வரைதான், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு. கடையில் யாரோ வாங்கிவந்த கிட்டை விழுங்கியவர்களுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்தாலோ, ஒரு பக்க அடிவயிறு பிளப்பது போல் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. 18 வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். குழு தானாக எதையும் செய்யாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பணத்தில் முதல் வேலை அவசர நிதி. பதினைந்து பேர் வாரம் பத்து ரூபாய் கூடுதலாகப் போட்டால் ஆண்டுக்கு 7,800 ரூபாய். லிங்கேஜ் லோனோடு கலக்காமல் தனிக் கணக்கு. 2,000 ரூபாய் வரை, வட்டியில்லாமல், கேட்ட ஒரு மணி நேரத்தில், காரணம் எழுதாமல், 'கேட்பவர்' இருவரின் சம்மதத்தில் தர வேண்டும் என்று விதி எழுதுங்கள். "அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு செய்வோம்" என்ற நிதி ராத்திரி பஸ்சுக்கு உதவாது.

கடன் தரும் முன் அவளைத் தனியாகக் கேளுங்கள்: பணத்தை யார் செலவழிக்கப் போகிறார், தவணையை யார் கட்டுவார், அவன் தரமாட்டேன் என்றால் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் தொகையை அவள் கூலியில் அடைக்கக்கூடிய அளவுக்குக் குறையுங்கள். தவணை தவறினால் கும்பலாக வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடும் பழக்கத்தை விடுங்கள்; அன்றைய அடிக்கு அதுவே காரணமாகிறது. வெளியிலிருந்து வரும் வாரவசூல் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்களும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வரக் கூடாது, வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகள் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அவள் சேமிப்பை "நான் அவ புருஷன்" என்று வந்து கேட்டால் தரக் கூடாது, அவள் கையெழுத்துக்கு மட்டும்.

வங்கிக் கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தால் ஒரே நாளில் துடைத்துவிடுவான். எஸ்.எம்.எஸ். எந்த எண்ணுக்குப் போகிறது, ஏ.டி.எம். கார்டு யாரிடம், நாமினி யார் என்று மூன்றையும் பாருங்கள். ரகசியக் கணக்கு தொடங்கும்போது ஒரு கண்ணி உண்டு. அரசு உதவித்தொகைக்காக ஆதாரைப் புதிய கணக்கில் இணைக்கச் சம்மதித்தால், நூறு நாள் வேலைக் கூலியும் கேஸ் மானியமும் புதிய கணக்குக்குத் திரும்பிவிடும். பழைய கணக்கில் பணம் வராததைப் பார்த்து அவன் தெரிந்துகொள்வான். அவள் தயாராகும் வரை அந்த இணைப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். நகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எத்தனை பவுன், யார் போட்டது, இப்போது எந்த அடகுக்கடையில், சீட்டு யார் பெயரில் என்று எழுதி வையுங்கள். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருக்கிறது. பட்டியல் இல்லாததால்தான் அது திரும்புவதில்லை.

உதவிக்குப் போகிறவர்களை "குடும்பத்தைக் கெடுக்கிறாள்" என்பார்கள், குடித்துவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். தனியாக ஒருவர் எங்கும் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு காக்கிறது. ஒரே ஆள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் உடைந்துபோவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

புகார் கொடுத்த பெண்கள் பலர் அவனிடமே திரும்பிப் போவார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, போக இடமில்லாமை என்று காரணங்கள் கனமானவை. "இவ்வளவு செய்தும் போய்விட்டாள்" என்று குழு முகம் திருப்பினால் அடுத்த முறை அவள் வரமாட்டாள். அவள் வராத வாரங்களுக்கு அபராதம் போடாதீர்கள், உறுப்பினர் பெயரை நீக்காதீர்கள், அவசர நிதியில் வாங்கியதைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பாதீர்கள். பையை அவள் கேட்டால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். கேட்காவிட்டால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.